ஜிபி என்றால் எத்தனை பைட்?

அரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றை வாங்கி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகுங்கள். 60-க்கும் குறைவாகத்தான் காட்டும். கடைக்காரர் மேல் சந்தேகம் வேண்டாம். தயாரித்தவர் கணக்கில் ஒரு ஜிபி 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். ஆப்பிள் கம்ப்யூட்டரோ 2009 முதல் 100 கோடிக் கணக்குக்கு மாறிவிட்டது.

மஞ்சளும் குச்சிக்கிழங்கும் விளையும் இந்தப் பக்கத்துக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. தாத்தா காலத்தில் ஒரு மணங்கு என்றால் மதராஸில் 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். வங்காளத்தில் 37 கிலோவுக்கும் மேல். பெயர் ஒன்று, எடைக்கல் வேறு. 1956-ல் வந்த எடை அளவுச் சட்டம்தான் நாடு முழுவதற்கும் ஒரே கிலோவைக் கொடுத்தது.

கிலோ என்றால் ஆயிரம். கணினிக்காரர்கள் அதை 1024 ஆக்கினார்கள். மெமரி சிப் இரண்டிரண்டாகப் பெருகுவது. பத்து முறை இரட்டித்தால் 1024 வரும், ஆயிரத்துக்குப் பக்கம்தானே என்று அதே பெயரை வைத்துக்கொண்டார்கள். கேபியில் 2.4 சதவீதமாக இருக்கும் வித்தியாசம் டிபிக்குப் போனால் ஏறக்குறைய 10 சதவீதம். இதற்காகவே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-ல் கிபி (kibi), மெபி (mebi), கிபி (gibi)... எனத் தனிப் பெயர்கள் தந்தது. அவற்றைப் பழக்கத்தில் கொண்டுவரத்தான் ஆளில்லை.

பென் டிரைவில் போவது கொஞ்சம் இடம். சர்வர் செட்டிங்கில் தவறினால் சர்வீஸே நின்றுவிடும். சர்வரில் மென்பொருளை இயக்கும் டாக்கரில் மெமரி வரம்பாக 512 எழுதி, பின்னால் சின்ன 'எம்' போட்டால் 53 கோடியே 68 லட்சம் பைட்டுக்கு மேல். பல சர்வர்களில் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் பெரிய 'எம்' என்றால் சரியாக 51 கோடியே 20 லட்சம். அங்கே டாக்கர் பழக்கத்தில் சின்ன 'எம்' போட்டாலோ, அது ஆயிரத்தில் ஒரு பங்கு: 512 என்பது அரை பைட்டாகிவிடும்! போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'எம்பி' என்று எழுதினாலும் கணக்கு 1024-தான்.

பெங்களூருக்கு வேலைக்குப் போகும் அரூர்ப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திருந்த வேண்டியது மென்பொருள்தான். 1024 கணக்கென்றால் 'எம்' பக்கத்தில் 'ஐ' சேர்த்து (Mi, அதாவது மெபி) எழுதச் சொல்ல வேண்டும். அரை பைட் மெமரி கேட்டால் அங்கேயே மறுக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட அளவு எத்தனை பைட் என்பதை, தொடங்கும்போதே முழு எண்ணில் திரையில் காட்ட வேண்டும்.