கலியாண வீட்டுக்கு எதை உடுப்பது?



மன்னார்க் கரையில் கலியாணம் என்றால் உடுப்பைப் பற்றி யோசிக்குமுன் வெயிலையும் காற்றையும் பற்றி யோசிக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல, புத்தளம் பகுதியிலேயே தங்கிவிட்டன. 2009இல் யுத்தம் முடிந்தபின் சில குடும்பங்கள் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களுக்குத் திரும்பி வந்தன. ஆகவே இன்று ஒரு நிக்காஹ் நடந்தால் இரண்டு பக்கத்து உறவுகளும் கூடுகின்றன. அநுராதபுரம், மதவாச்சி வழியாக வேனில் வருபவர்கள் முருங்கனைத் தாண்டித் தீவுக்குள் நுழையும்போதே வியர்வையில் நனைந்து போகிறார்கள்.

இந்தப் பயணத்துக்குக் கனத்த பட்டுச் சாரியும், அதன்மேல் நைலோன் கலந்த கறுப்பு அபாயாவும் ஏற்றவையா? கறுப்பு நிறம் வெயிலை இழுக்கும். நைலோன் வியர்வையை உறிஞ்சாது. பிள்ளைகளுக்கு வேர்க்குரு, பெரியவர்களுக்கு மயக்கம், சாப்பாட்டுப் பந்தியில் எரிச்சல் என்பதுதான் மிச்சம்.

மார்க்கம் நம்மிடம் கேட்பது என்ன? உடல் மறைய வேண்டும், துணி உள்ளே தெரியக்கூடாது, உடலோடு ஒட்டக்கூடாது. கறுப்பாக இருக்க வேண்டும் என்றோ, கனமாக இருக்க வேண்டும் என்றோ கட்டளை இல்லை. தொளதொளப்பான பருத்தி உடுப்பு இந்த மூன்றையும் நிறைவேற்றும். உள்ளே காற்றோட்டமும் இருக்கும். வெளிர் நிறத் துணி வாங்கும்போது அதன் பின்னால் உங்கள் கையை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கை தெரிந்தால் உள்ளே பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். வைகாசி தொடக்கம் தீவில் சோளகக் காற்று வீசும். முக்காட்டை இரண்டு இடத்தில் ஊசி குத்துவதே பாதுகாப்பு. பயணத்துக்கு ஓர் உடுப்பு, கலியாண வீட்டில் மாற்ற ஓர் உடுப்பு என்று எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. வீட்டு ஆண்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: நல்ல பருத்திச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போதும். மாப்பிள்ளையே ஆனாலும் அசல் பட்டு ஆணுக்கு ஆகாது.

இவை எல்லாம் இலேசான விடயங்கள். பாரமான விடயம் வேறொன்று. புதுச் சாரி இல்லை என்பதற்காகவே கலியாணத்துக்குப் போகாமல் வீட்டில் தங்கிவிடும் சகோதரிகள் நமது ஊர்களில் இல்லையா? "போன கலியாணத்திலும் இதைத்தானே உடுத்தாள்" என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து கடன் வாங்கும் தாய்மார் இல்லையா? குடும்பம் முழுவதும் ஒரே நிறத்தில் உடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிட, அந்தச் செலவைத் தாங்க முடியாத மச்சி என்ன செய்வாள்?

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் செய்தி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஐந்து திர்ஹம் பெறுமதியான முரட்டுத் துணி உடுப்பு ஒன்றை அவர்கள் அணிந்திருந்தார்கள். பிற்காலத்தில் அவர்களுடைய பணிப்பெண்கூட அதை வீட்டுக்குள் உடுக்க மறுத்தாள். ஆனால் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் அலங்கரிக்கப்படும் பெண்கள் அப்படிப்பட்ட ஓர் உடுப்பைத்தான் ஆயிஷா (ரழி) அவர்களிடம் ஆளனுப்பி இரவல் வாங்கினார்களாம். இமாம் புகாரி அவர்கள் இதை, மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது என்ற தலைப்பின் கீழேயே பதிந்துள்ளார்கள். பெருநாள் தொழுகைக்கு வர மேலாடை இல்லாதவளுக்கு அவளுடைய தோழி கொடுத்துதவட்டும் என்று நபியவர்கள் சொன்னதும் அதே நூலில் உள்ளது.

யோசித்துப் பாருங்கள். உலக முஸ்லிம்களின் தாயாருடைய ஓர் உடுப்பு, ஊர் மணப்பெண்களுக்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது. இரவல் கொடுத்தவருக்குப் பெருமையும் இல்லை, வாங்கியவருக்கு வெட்கமும் இல்லை. நமக்கு மட்டும் ஏன் இந்த வெட்கம்?

ஆகவே, சகோதரிகளே, அழைப்புச் சொல்லப் போகும்போது "இருப்பதை உடுத்து வாருங்கள், நீங்கள் வந்தால் போதும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அலுமாரியில் மடித்திருக்கும் நல்ல சாரியைத் தேவைப்பட்டவளுக்குக் கேட்குமுன்பே கொடுங்கள். கொடுத்ததைக் கலியாண வீட்டில் ஒருவரிடமும் சொல்லாதீர்கள்.

மானத்தை மறைக்கும் உடுப்பையும், மற்றவர் மானத்தைக் காக்கும் உள்ளத்தையும் அல்லாஹுத் தஆலா நமக்குத் தருவானாக! ஆமீன்.