கல்லு மாதிரி சஸ்பென்ஷன் வெச்சா கார்னரிங் வந்துடுமா?

"மச்சி, பின்னாடி ஷாக்கை ஃபுல் டைட் வெச்சுட்டேன்டா. வண்டி சும்மா கல்லு மாதிரி நிக்குது!"

ஞாயித்துக்கிழமை காலைல ஈ.சி.ஆர் பக்கம் எந்த டீக்கடைல நின்னாலும் இந்த டயலாக் காதுல விழும். சொல்றவர் மூஞ்சில மோட்டோ ஜிபி டீமுக்கே மெக்கானிக் ஆன மாதிரி ஒரு பெருமை. சுத்தி நிக்கிற நாலு பேரும் தலையாட்டிட்டு, வீட்டுக்குப் போய் அதையே பண்றாங்க. இதைத்தான் திட்டப் போறேன். ட்ராக் செட்டிங்கை ரோட்டுல ஓட்டுறது வீரம் இல்லை மக்கா, வெவரம் இல்லாத்தனம்.

முதல்ல ப்ரீலோடு. அதை ஏத்தினா ஸ்ப்ரிங் கெட்டியாகாது. ஸ்கூல்ல ஹூக்ஸ் லா படிச்சோமே, பரீட்சையோட மறந்தாச்சா? ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 நியூட்டன் கேக்குற சாதா ஸ்ப்ரிங், ப்ரீலோடு ஏத்தின பிறகும் அடுத்த மில்லிமீட்டருக்கு அதே 10 நியூட்டன்தான் கேக்கும். மாறுறது வண்டி நிக்கிற உயரம் மட்டும்தான்.

நீங்க உக்காரும்போது வண்டி கொஞ்சம் இறங்கும் பாருங்க, அதுக்குப் பேர் சாக். அது குறை இல்லை, வேணும்னே வெச்சது. மேட்டுல சக்கரம் மேல ஏற இடம் வேணும்கிற மாதிரி, பள்ளத்துல கீழ இறங்கவும் இடம் வேணும்ல? 60 கிலோ ஆள் ப்ரீலோடை ஃபுல்லா ஏத்தினா அந்த இடமே போச்சு. பள்ளம் வந்தா சக்கரம் இறங்காது, அந்தரத்துல நிக்கும். ரோட்டைத் தொடாத டயருக்கு ஏதுங்க கிரிப்? அந்த நொடியில பிரேக் பிடிச்சா ஏ.பி.எஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், வண்டி நிக்கிற தூரம் கூடும். ஏ.பி.எஸ் இல்லாத வண்டின்னா நேரா ஸ்கிட்தான்.

"அப்ப ரேஸ்ல மட்டும் ஏன் டைட்டா வைக்கிறாங்க?" நல்ல கேள்வி. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு சுத்து சுமார் 3.7 கிலோமீட்டர். குண்டு குழி, வேகத்தடை, குறுக்க வர்ற மாடு எதுவும் கிடையாது. அங்க ஸ்ப்ரிங்கை அமுக்குறது ரோடு இல்லை, ரைடர். முழு பலத்தோட பிரேக் பிடிக்கும்போதும் சாஞ்சு திரும்பும்போதும் வர்ற சுமை. அதைத் தாங்கத்தான் கெட்டியான ஸ்ப்ரிங், கூடுதல் டாம்பிங்.

நம்ம ரோட்டுக்கும் ஒரு 3.7 இருக்கு. ஐ.ஆர்.சி விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்துல தாண்டுற மாதிரி. உங்க தெருவுல இருக்கிறதை ஒரு டேப் வெச்சு அளந்து பாருங்க, சிரிப்பு வரும். மிச்ச தாரை ராத்திரியோட ராத்திரியா கொட்டிட்டுப் போன மேடுதான் பாதி.

அடுத்த வியாதி ரீபவுண்டு. அமுங்கின ஸ்ப்ரிங் எவ்வளவு சீக்கிரம் திரும்ப எழும்பணும்னு சொல்றது அது. அதை இறுக்கி வெச்சா, முதல் குழில அமுங்கினது எழும்புறதுக்குள்ள ரெண்டாவது குழி வரும், அப்புறம் மூணாவது. வரிசையா நாலு குழிக்கு அப்புறம் சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாத மாதிரிதான். நம்ம ஊர்ல குழி என்னிக்கு ஒத்தையா வந்திருக்கு?

2021-ல அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு முழுசா அட்ஜஸ்ட் பண்ற சஸ்பென்ஷன் கிட் வந்துச்சு. 2023-ல வந்த புது 390 டியூக் ஃபோர்க்குல கம்ப்ரெஷன், ரீபவுண்டு ரெண்டுக்கும் அஞ்சஞ்சு கிளிக். சந்தோஷம்தான். ஆனா திருகு கிடைச்சுதுன்னு திருகிட்டே இருந்தா எப்படி? ஆபீஸ்ல ஒரே நேரத்துல நாலு ஃபைலை மாத்திட்டு "எதனால பக் போச்சு?"ன்னு முழிக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவோம்? அதேதான்.

முறையாப் பண்றது இப்படி:

1. பின் சக்கரம் அந்தரத்துல இருக்கும்போது ஆக்ஸில்ல இருந்து சீட்டுக்குக் கீழ ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. 600 மி.மீ.ன்னு வைங்க. சக்கரத்தை இறக்கி, ஹெல்மெட் ஜாக்கெட்டோட நீங்க உக்காந்து, நண்பரை விட்டு அளக்கச் சொல்லுங்க. 565 வந்தா சாக் 35 மி.மீ. 120 மி.மீ. ட்ராவல் உள்ள வண்டிக்கு ரோட்டுல இது சரியான இடம். ட்ராக்குக்கு இதைவிடக் கொஞ்சம் கம்மி.

2. திருகை மெதுவா கடைசி வரைக்கும் மூடி எத்தனை கிளிக்னு எண்ணி எழுதி வைங்க. அதுதான் நீங்க திரும்பி வர்ற வழி.

3. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். அதே ரோட்டுல, அதே வேகத்துல ஓட்டிப் பாருங்க.

4. ட்ராக் நாள் முடிஞ்சதும் பழைய நம்பருக்குத் திருப்பிட்டு வீட்டுக்கு வாங்க.

கடைசியா ஒண்ணு. தெருவுல ஓடுற சாதா கம்யூட்டர் வண்டி பலதுலயும் பின் ஷாக்குல அஞ்சு படி ப்ரீலோடு இருக்கு. பின்னாடி ஆள் உக்கார்ந்தா ஏத்தறதுக்கும், தனியா போனா இறக்கறதுக்கும்தான் அது. டூல் கிட்ல வளைஞ்சு ஒரு ஸ்பானர் கிடக்குமே, இதுக்குத்தான். டீக்கடைல ட்ராக் செட்டிங் பேசுற அண்ணன் எத்தனை பேர் அம்மாவைப் பின்னாடி உக்கார வெக்கும்போது அதைக் கையில எடுத்திருக்கார்? அவரோட வீரத்துக்கு முதுகு வலில பில் கட்டுறது அந்தம்மாதான்.

டிஸ்கி: "எனக்கு ஹார்டா இருந்தாதான் ஃபீல் வருது"ன்னு வர்றவங்களுக்கு: அது ஃபீல் இல்லை தல, முதுகெலும்பு போடுற கம்ப்ளெய்ன்ட் :-)