கைப்பிடி அரிசியும் கருமருந்தும்

ஆண்டவன் இருப்பது ஆலயத்திலா, அன்றாட வாழ்விலா? வேதாந்திகள் இதற்கு வியாக்கியானம் தேடி விடிய விடியப் பேசுவர். விருதுநகர் வீட்டுப் பெண்களோ, உலை வைக்கும் நேரத்திலேயே விடை கூறிவிட்டனர்!

ஆலயக் கதவு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். வழக்கு வந்தது. கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் கிடைத்த தீர்ப்பு, உரிமை இல்லை என்பது! இடையிலே, 1899 ஜூன் 6 அன்று, சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்த மக்கள் கேட்டதென்ன? பொன்னா, பொருளா? கும்பிட அனுமதி, அவ்வளவுதான்!

மூடிய கதவின் முன் முனகிக்கொண்டா நின்றனர்? இல்லை. வணிகர் மகமை தந்தனர். தாய்மார் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து ஒதுக்கினர். அந்தப் பிடி அரிசியில் சத்திரிய வித்தியாசாலை நடந்தது. அங்கு படித்த காமராசர் 1954இல் முதலமைச்சரானார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே பகலுணவு போட்டார். (அவர் கட்சி வேறு, அதற்காகக் கணக்கை மறைப்பது நம் வழக்கமல்ல.) மந்திரமில்லை, மடாதிபதியில்லை, தட்சணையில்லை. இதனினும் நல்ல பூசையை நாமறியோம்.

இன்று? பங்குனிப் பொங்கலிலே பராசக்தி மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி ஏந்திய கை, மறுவாரம் பட்டாசு ஆலையிலே மருந்து செலுத்துகிறது. சட்டி சுடவில்லை, அம்மன் காத்தாள் என்கிறான் தொழிலாளி. அது அவன் நம்பிக்கை. அதை ஏளனம் செய்ய நாம் எழுதவில்லை. ஆனால் மருந்து அறை, அக்கினிச்சட்டி அல்லவே! 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி வெடித்தது; ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம். 20 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஊரார் விடும் பெருமூச்சு, "எல்லாம் விதி!"

எந்த விதி, தோழர்களே? உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவது பிரம்மன் எழுதியதா? அளவுக்கு மேல் ஆளை அடைப்பதும், மருந்தைக் குவிப்பதும் பூர்வஜென்ம பலனா? தலையிலே எழுதிய விதி அல்ல, சட்டத்திலே எழுதிய விதி மீறப்பட்டது!

ஆயுதபூசையன்று கருவிக்கெல்லாம் பொட்டிடுகிறோம். இவ்வாண்டு அதோடு, அறைக்கு எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்று எழுதியிருப்பதையும் எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுங்கள். ஒரு தலை கூடுதலாயினும் வெளியே வந்து சங்கத்தாரைக் கூப்பிடுங்கள்.