உங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள அலங்கம்



பிழைப்பைத் தேடி நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து மும்பைக்கும் புனேக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அநேகர், தங்கள் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தின் வளாகத்திலுள்ள சிறிய பள்ளியில் படிக்க வைக்கிறார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, கட்டணம் தாங்கக்கூடியதாயிருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, பெண்பிள்ளையை நம்பி அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் நமக்கும் உள்ள உபதேச வேற்றுமைகளைக் குறித்துப் பிரசங்கம் கேட்கிறோம். திங்கட்கிழமை காலையில் அதே பிள்ளையின் தலையை வாரி, அவர்களுடைய வாசலில் கொண்டுபோய் விடுகிறோம்.

இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. நம் பிள்ளையை ஒப்படைக்கத் தகுதியுள்ளதென்று நாம் கண்ட இடம், நம் கைகளின் பிரயாசத்தில் ஒரு மணி நேரத்தைப் பெறத் தகுதியற்றதா?

அரசு உதவிபெறும் பள்ளியென்றால் எல்லாச் செலவையும் அரசே ஏற்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த உதவியின் பெரும்பகுதி, அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களிலுள்ள ஆசிரியர்களின் சம்பளத்துக்கானது. ஒழுகும் கூரை, உடைந்த மேசை, கழிவறைத் துப்புரவு, நூலகப் புத்தகம் ஆகியவற்றுக்குப் பள்ளியே வழிதேட வேண்டியிருக்கிறது. பாலர் வகுப்புகள் உதவித்தொகையின்றிக் கட்டணத்தை மாத்திரம் நம்பி நடக்கும் பள்ளிகளும் உண்டு. கட்டணத்தைக் கூட்டினால் முதலில் வெளியேற வேண்டியவர்கள் நம்மைப் போன்ற ஏழைக் குடும்பத்தாரே. கூட்டாவிட்டால் நூலகத்தைத் திறந்து வைக்க ஓர் ஆள் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பெற்றோரின் மனமுவந்த உழைப்பு தேவைப்படுகிறது. பெரிய பள்ளிக்கு அது ஓர் அலங்காரமாயிருக்கலாம். சிறிய பள்ளிக்கோ அது மூச்சு.

நெகேமியாவின் புத்தகம் 3-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலென்று எண்ணித் தாண்டிப் போகிறோம். ஆற அமர வாசித்துப் பாருங்கள். எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்களில் தொழில்முறைக் கொத்தர்களைத் தேடவேண்டியிருக்கிறது. ஆசாரியர் கட்டினார்கள். தட்டார் கட்டினார்கள். தைலக்காரன் கட்டினான். வியாபாரிகள் கட்டினார்கள். 12-ஆம் வசனத்தில் சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடே வந்து கட்டினான். தெக்கோவா ஊராரின் பிரபுக்களோ வேலைக்குத் தோள்கொடுக்கவில்லை என்பதும் 5-ஆம் வசனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரேயிருந்த பங்கையே கட்டினார்கள். 52 நாளில் அலங்கம் முடிந்தது. பிள்ளையைப் பெற்ற நமக்கு, வீட்டுக்கு எதிரேயுள்ள அலங்கம் அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிதான்.

"எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியும் சரியாக வராது, நான் அங்கே போய் என்ன செய்வேன்?" என்று தாய்மார் கேட்கலாம். தைலக்காரனுக்குக் கல்வேலை தெரிந்திருந்ததா? தையல் தெரிந்த சகோதரி, ஆண்டுவிழாவுக்கான உடைகளைத் தைத்துக் கொடுக்கலாம். மின்வேலை தெரிந்த சகோதரன், ஒரு சனிக்கிழமை பிற்பகலில் எரியாத விளக்குகளையும் ஓடாத மின்விசிறிகளையும் சரிசெய்யலாம். வர்ணம் பூசுகிறவர் ஒரு வகுப்பறைச் சுவரை எடுத்துக்கொள்ளலாம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா நூலகத்தில் அமர்ந்து, புத்தகம் கொடுத்து வாங்கி ஏட்டில் எழுதலாம். விளையாட்டு விழாவன்று தண்ணீர்க் குடத்தினருகே நிற்கவும், பள்ளி விடும் நேரத்தில் சிறுவரைச் சாலை கடத்திவிடவும் எந்த மொழியும் தடையல்ல.

நம்மவர் மாத்திரமே செய்யக்கூடிய வேலையொன்றும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளின் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. மகாராஷ்டிராவின் பத்தாம் வகுப்புத் தேர்வு ஆவணங்களோ குடும்பப்பெயரை முதலில் எழுதி, பின்னர் பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதும் முறையுடையவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் வேறு விதமென்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் ஆகிவிடுகின்றன. பிற்காலத்தில் கல்லூரிச் சேர்க்கையிலும் கடவுச்சீட்டு விண்ணப்பத்திலும் இதனால் எத்தனை அலைச்சல்! சேர்க்கை நாட்களில் அலுவலக வாசலில் அமர்ந்து, தமிழ்ப் பெற்றோரின் படிவங்களை அவர்கள் மொழியில் விளக்கி, மூன்று ஆவணங்களிலும் பெயரின் எழுத்துகளை ஒத்துப்பார்த்துக் கொடுக்கும் ஒரு சகோதரி, எழுத்தரின் பாரத்தைக் குறைக்கிறாள். ஒரு பிள்ளையின் எதிர்காலத் துன்பத்தையும் தடுக்கிறாள்.

இனி மனச்சாட்சியைக் குறித்த காரியத்துக்கு வருவோம். "அங்கே சுரூபங்கள் இருக்கின்றன, ஜெபமாலை சொல்லுகிறார்கள், நாம் எப்படி அவர்களோடு கைகோப்பது?" என்று உத்தமமான விசுவாசிகள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை இலேசாக எண்ணிவிடக் கூடாது. ஆனால் வேலைக்கும் வழிபாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டின் அரசமைப்புச் சட்டம், 28-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில், அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் பயிலும் எவரையும் அவரது சம்மதமின்றிச் சமயபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறக் கட்டாயப்படுத்தக் கூடாதென்றும், பிள்ளை சிறுவயதினராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டுமென்றும் கூறுகிறது. பல கத்தோலிக்கப் பள்ளிகளில் ஞானோபதேச வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மாத்திரமே. மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடைபெறுகிறது.

உரிமை இருக்கிறதென்று குரலை உயர்த்த வேண்டியதில்லை. தானியேல் பாபிலோனின் கல்விக்கூடத்தில் கற்றான். அந்நாட்டின் எழுத்தையும் மொழியையும் தேறினான். ராஜாவின் போஜனத்தைக் குறித்து மனதில் தீர்மானம் செய்தபோதோ, பாத்திரத்தைத் தள்ளிவிட்டு எழுந்துபோகவில்லை, அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான், 10 நாள் சோதித்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டான். "சிஸ்டர், கண்காட்சிக்கும் விளையாட்டு விழாவுக்கும் எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள். திருப்பலி ஏற்பாட்டில் மாத்திரம் நான் பங்குபெற இயலாது" என்று அமைந்த குரலில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை செய்கிற கையோடு வரும் மறுப்பை மதிப்பார்கள். வேலைக்கு வராமலே குறைசொல்லும் வாயை யார் மதிப்பார்?

கத்தோலிக்கத் திருச்சபையின் தரப்பிலும் இதற்கு வாசல் திறந்தே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் கல்வியைக் குறித்து வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்று போதிக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், 796-ஆம் சட்டத்தில், ஆசிரியர்கள் பெற்றோரின் சொல்லுக்கு மனமுவந்து செவிகொடுக்க வேண்டுமென்றும் பெற்றோர் சங்கங்கள் அமைக்கப்பட வேண்டுமென்றும் விதிக்கிறது. நாட்டுச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், மகாராஷ்டிராவில் 2011-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் தனியார் பள்ளிகளில் பெற்றோர்–ஆசிரியர் சங்கத்தைக் கட்டாயமாக்கியது. அதன் செயற்குழுவுக்கு, விருப்பம் தெரிவித்த பெற்றோரிலிருந்து குலுக்கல் முறையில் உறுப்பினர்கள் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். கட்டண உயர்வு அக்குழுவின் முன் ஒப்புதலுக்கு வரவேண்டும். நம்மில் எத்தனைபேர் விருப்பம் தெரிவித்துப் பெயர் கொடுத்தோம்? பெயர் கொடாதவர்கள் கட்டணம் உயர்ந்தபின் வாசலில் நின்று முறுமுறுப்பதில் பயனென்ன?

சில எச்சரிப்புகளையும் அன்போடு சொல்ல விரும்புகிறோம். முதலாவது, பள்ளி வேலைக்குப் போகும்போது கைப்பிரதிகளை எடுத்துச் செல்லாதிருங்கள். அங்கே இந்து, முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். பெற்றோரின் சம்மதமில்லாமல் சிறுபிள்ளைகளிடம் மார்க்கம் பேசுவது நம்பிக்கைத் துரோகமாகும். பள்ளிக்கும் ஆபத்தை வருவிக்கும். உங்கள் நேர்மையும் பொறுமையுமே அங்கே சாட்சி. இரண்டாவது, எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திராதீர்கள். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததென்று அறிய வந்தால் மறைக்காதீர்கள்; 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்த ஒவ்வொருவரின் கடமை. மூன்றாவது, சங்கத்தின் பணத்தைத் தொட்டால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கட்டும், இருவர் கையொப்பமிடட்டும். நான்காவது, "நான் இவ்வளவு உழைத்தேன், என் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்ததென்ன?" என்று ஒருநாளும் கேளாதிருங்கள். அப்படிக் கேட்டால், செய்தது கூலிவேலையாகிவிடும்.

சபைப் போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உபவாசக் கூட்டத்துக்கு வராமல் பள்ளி நூலகத்துக்குப் போன தாயைப் பின்மாற்றக்காரியென்று எண்ணாதிருங்கள். சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி எரேமியா 29-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம் ஜனத்துக்குக் கற்பித்தார். அந்தப் பட்டணம் பாபிலோன்! நமக்கோ, அதே இரட்சகரின் நாமத்தை அறிக்கையிடுகிற அயலாரின் பள்ளி வாசல் திறந்திருக்கிறது.

இம்மாதத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளி விடும் நேரத்துக்குச் சற்று முன்னதாகப் போய்த் தலைமையாசிரியரைச் சந்தித்து, "மாதத்தில் இரண்டு மணி நேரம் தருகிறேன், எங்கே தேவை?" என்று கேளுங்கள். அவர் காட்டும் வேலை சிறிதாயிருக்கலாம். சல்லூமின் குமாரத்திகளும் பட்டணத்தின் சுற்றளவு முழுவதையும் கட்டவில்லை. தங்கள் பங்கைக் கட்டினார்கள். அது வேதத்தில் எழுதப்பட்டது.

உங்கள் கைகளின் கிரியையைக் கர்த்தர்தாமே ஸ்திரப்படுத்துவாராக. ஆமென்.