இரண்டையும் ஒன்றாகச் சொல்லுங்கள்

போன தீபாவளிக்கு முன் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். 36 வயது, இரண்டு பிள்ளைகள். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "பெரியம்மா, உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சாமே, அம்மா சொன்னாங்க" என்று மெல்ல ஆரம்பித்தாள். மாதம் எட்டு நாள் உதிரப்போக்கு, கட்டி கட்டியாக. மூன்றாவது பிள்ளையும் வேண்டாம். பக்கத்து வீட்டில் காப்பர் டி போட்டுக்கொள் என்கிறார்கள். மாமியாரோ, "பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடு, தொல்லை விட்டுது" என்கிறார்.

இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மாதவிலக்குக்கு 'ரெக்ல்' என்பார்கள். விதிமுறை என்பதற்கும் அதே சொல்தான். வீட்டில் 'தூரம்'. இரண்டு மொழியிலும் வாயை மூடிக்கொள்ளத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் பட்டதைச் சொல்கிறேன்.

1980இல் இரண்டாவது மகன் பிறந்தபின் எனக்குக் காப்பர் டி போட்டார்கள். முன்பிருந்தே எனக்கு உதிரப்போக்கு அதிகம். அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காப்பர் டி உதிரப்போக்கைக் கூட்டக்கூடியது. அந்த நாட்களில் ஆபீசில் கரும்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழப் பயந்து உட்கார்ந்திருப்பேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு அதை எடுத்துவிட்டுக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். கருத்தரிக்கும் பயம் போயிற்று, உதிரப்போக்கு அப்படியே இருந்தது. அந்த ஆபரேஷன் உதிரப்போக்கைக் குறைக்காது என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் 41 வயதில் கர்ப்பப்பையையே எடுத்தார்கள்.

எழுத்தராக 34 ஆண்டு கோப்பு பார்த்தவள் நான். ஒரே ஆளின் விஷயம் இரண்டு கோப்பில் தனித்தனியாகப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கருத்தடை ஒரு கோப்பு, உதிரப்போக்கு ஒரு கோப்பு என்று போனதுதான் என் கதை.

இன்று இரண்டுக்கும் சேர்த்தே வழி உண்டு. ஹார்மோன் வளையம் என்று ஒன்று இருக்கிறது. காப்பர் டி மாதிரியே உள்ளே வைப்பது, ஆனால் உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கும். சிலருக்கு மாதவிலக்கு நின்றேவிடும், அதனால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்காது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டுவிட்டுத் திட்டுத்திட்டாகப் படும், பொறுக்க வேண்டும். கருத்தடை மாத்திரையும் உதிரப்போக்கைக் குறைக்கும். ஆனால் ரத்த அழுத்தம், ஒருவகை ஒற்றைத் தலைவலி, முன்பு ரத்தம் உறைந்த தொல்லை உள்ளவர்களுக்கு அது ஆகாது. கணவர் வாசெக்டமி செய்துகொள்ளலாம். பெண்ணுக்குச் செய்வதைவிடச் சிறிய ஆபரேஷன் அது. அப்போது மனைவி உதிரப்போக்குக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும். அந்த நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் மாத்திரை இருக்கிறது, ஆனால் அது கருத்தடை ஆகாது.

எதற்கும் முன் காரணம் தெரிய வேண்டும். தைராய்டா, ஃபைப்ராய்டு கட்டியா என்று பார்க்காமல் எதுவும் செய்யக்கூடாது. கர்ப்பப்பையை எடுப்பது சிலருக்கு அவசியம்தான். அது கடைசிப் படி, முதல் படி இல்லை.

தங்கை மகளுக்கு ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன்: தேதி, எத்தனை நாப்கின், கட்டி உண்டா இல்லையா. இரண்டு மாதம் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனாள். "உதிரப்போக்கும் அதிகம், பிள்ளையும் வேண்டாம்" என்று ஒரே மூச்சில் சொல்லச் சொல்லியிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 தான். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஹார்மோன் வளையம் வைத்தார்கள். நாலு மாதம் திட்டுப் பட்டது, மாமியார் முணுமுணுத்தார். இப்போது மாதம் இரண்டு நாள்தான். போன வாரம் மாடியேறி வந்து, மூச்சு வாங்காமல் பேசினாள்.

என் வயதுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் சொன்னால் "எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று வாயை அடைக்காதீர்கள். "எடுத்துடு" என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள். கூடவே போங்கள், வெளியே பெஞ்சில் உட்காருங்கள். முடிவு அவளுடையது.