வைபை இருக்கு... இன்டர்நெட் எங்கே?

லேப்டாப்பில் வைபை கோடு எல்லாம் பளிச்சென்று இருக்கும். ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று காட்டும். உடனே ரிப்பேர் கடைக்கு ஓடுகிறார்கள் நம்ம ஆட்கள். 'கார்டு போச்சு சார்' என்று சொல்லிவிட்டால் பணமும் போச்சு!

குற்றவாளி யார் என்று முதலில் பாருங்கள். வைபை வேறு, இன்டர்நெட் வேறு. கோடு காட்டுவது லேப்டாப்புக்கும் ரூட்டர் பெட்டிக்கும் உள்ள தொடர்பைத்தான். அதற்கு அப்பால் கம்பெனி லைன் செத்துக் கிடந்தாலும் கோடு ஜம்மென்று நிற்கும்!

செல்போனில் சிம் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதே வைபையில் போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லையா? லேப்டாப் நிரபராதி! ரூட்டர் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மாட்டுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். சிவப்பு விளக்கு எரிந்தால், கேபிளில் கோளாறு. கம்பெனிக்குப் போன் போட்டு, புகார் எண் வாங்குங்கள். டிராய் 2012 விதிப்படி அது உங்கள் உரிமை.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லையா? வைபை விவரத்தில் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று அர்த்தம். அந்த வைபை பெயரை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால்தான் கடை.

'ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லும் கம்பெனிக்காரர்களே! மாதக் கட்டணத்தை மட்டும் தேதி தவறாமல் கேட்கிறீர்களே, லைனையும் அதே வேகத்தில் கவனிக்கக் கூடாதா?