மலை மறைக்கும் குரல்

மேல்நாடுகளிலே ஒரு பொழுதுபோக்கு உண்டு. பொலிஸ், தீயணைப்புப் படை முதலியவற்றின் பேச்சைத் தேடிப் பிடிக்கும் 'ஸ்கானர்' வானொலியை மோட்டார் வண்டியில் பொருத்திக்கொண்டு, எந்த மேட்டில் குரல் தெளிவாக வருகிறது, எந்தப் பள்ளத்தில் அற்றுப்போகிறது என்று குறித்துக்கொண்டே செல்வார்கள். நம் நாட்டிலோ பிறர் செய்தியை இடைமறித்துக் கேட்பதை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அக்கருவி நமக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சோதனை மடுல்சீமை போன்ற மலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியதாகும்.

காரணம் என்ன? எப்.எம். வானொலி அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீற்றர். கைத்தொலைபேசியின் அலை அதனினும் மிகக் குறுகியது. இத்தகைய அலைகள் பெரும்பாலும் ஒளியைப்போல் நேர்வழியே செல்லும். குன்று குறுக்கிட்டால் அதன் பின்னே நிழல் விழும். வெயிலின் நிழலைக் கண்ணால் காண்கிறோம். அலையின் நிழலையோ கேட்டுத்தான் அறிய வேண்டும். மடுல்சீமை மலையின் கிழக்கு விளிம்பில் நின்றால் கீழே சமவெளி விரிந்து கிடக்கிறது. தொலைதூர அலையும் அங்கே தடையின்றி எட்டும். சற்றே இறங்கிப் பள்ளத்து லயத்துக்குள் நுழைந்தால், குன்றும் தகரக் கூரையும் சேர்ந்து அதனை மறித்துவிடலாம். அங்கே விலையுயர்ந்த கருவியும் ஊமையே.

மாணவர்கள் இதனை ஒரு விடுமுறை நாளில் சோதிக்கலாம். ஒரே வானொலியையும் ஒரே கைத்தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு, உள்ளறை, இஸ்தோப்பு, பிரட்டுக்களம், கோயில் வாசல், பாடசாலை முற்றம் ஆகிய இடங்களில் ஒரே நிலையத்தைக் கேட்க வேண்டும். தெளிவு, இரைச்சல், மௌனம் என எழுதினால் போதும். மின்சாரம் தடைப்பட்ட வேளையில் மீண்டும் ஒரு முறை சோதிப்பது நன்று.

இது விளையாட்டன்று. 2014 அக்டோபர் 29 காலையில், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காதில் விழுந்தால் மட்டும் போதாது, குடியேற வேறு நிலமும் வேண்டும் என்பதை அத்துயரம் காட்டிற்று. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோதோ, பாதைகளோடு தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது.

ஆதலின் வானொலி மௌனமாயிருப்பதை ஆபத்தில்லை என்பதற்கு அடையாளமாகக் கொள்ளலாகாது. குரல் எட்டாத லயத்தில் மழைமானியே குரலாக வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல்படி, 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100 ஆனால் ஆயத்தம். 150 ஆனாலோ, ஒரே மணியில் 75 பெய்தாலோ வெளியேற்றம்.

அடைமழைக் காலத்தில், குரல் எட்டும் இடத்துக்கு முறைவைத்து ஒருவரை அனுப்பிச் செய்தி அறிந்துவரும் ஏற்பாட்டை ஒவ்வொரு லயமும் இப்போதே செய்துகொள்ளட்டும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைப்போம். அந்த எண் எந்த இடத்திலிருந்து கிடைக்கும் என்பதையும் அதன் அருகே எழுதுவோம்.